தொட்டி எலுமிச்சை மஞ்சளாகுதா? உரக்கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க

எலுமிச்சை இலை மஞ்சளானால் ஆளுக்கொரு வைத்தியம் வரும். பக்கத்து வீட்டு அக்கா அடுப்புச் சாம்பல் போடச் சொல்வார். உரக்கடையில் “இந்த டானிக்கை ஒருக்கா அடிச்சு உடுங்க, பச்சுனு ஆயிருமுங்க” என்று ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார்கள். தோட்டங்காட்டில் இருக்கும் மாமாவோ “கடலைப் புண்ணாக்கு ஊறப்போட்டு ஊத்து சாமி” என்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இதில் பாதி நம் பக்கத்துத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் நேர் எதிரான வைத்தியம். எங்கள் மொட்டை மாடிச் செடி தேறியது எந்தப் பாட்டிலாலும் அல்ல. ஊற்றுகிற தண்ணீரையும் தொட்டிக்குள் இருந்த மண்ணையும் மாற்றிய பிறகுதான் தேறியது. தெளிப்பெல்லாம் அதற்குப் பின்னால் வந்த துணை.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து வெயிலையும் காற்றையும் வைத்துத்தான் கீழே மாதக் கணக்கு போட்டிருக்கிறேன். எலுமிச்சை என்று எழுதியதெல்லாம் நார்த்தை, சாத்துக்குடி, கொளுஞ்சிக்கும் பொருந்தும்.

1. எந்த இலை, எப்படி மஞ்சள்?

முதல் நாள் எதையும் ஊற்றாதீங்க, அடிக்காதீங்க. காலை வெயில் ஏறும் முன் போனை எடுத்துக்கொண்டு போய் நான்கு படம் எடுங்க: முழுச் செடி, நுனிக் கொழுந்து, அடி இலை, இலையின் அடிப்பக்கம். நாளைக்கு யாரிடம் ஆலோசனை கேட்டாலும் அந்தப் படங்கள்தான் உங்கள் ஆவணம். ஒரு மாதம் கழித்து “தேறியிருக்கா இல்லையா” என்று வீட்டில் வாக்குவாதம் வரும்போதும் அவைதான் சாட்சி.

பிறகு இலையைப் படிங்க.

நுனிக் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பெரும்பாலும் இருக்கிறது, ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் தண்ணீரிலும் வேரால் அதை எடுக்க முடியவில்லை.

புது இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் துத்தநாகக் குறை. எலுமிச்சை இனத்தில் அடிக்கடி காண்பது இதுதான். இரும்புக் குறையும் இதுவும் சேர்ந்தே வருவது நம் பக்கம் சகஜம்.

கொழுந்து நன்றாக இருந்து, பழைய இலையின் ஓரம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் தலைகீழ் ‘வி’ வடிவில் பச்சை மிஞ்சினால் மெக்னீசியக் குறை. பழைய இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து போதவில்லை.

இலைப்பரப்பு பச்சையாகவே இருந்து நடு நரம்பு மட்டும் மஞ்சளானால் அங்கே நின்று யோசிங்க. சத்துக் குறையில் நரம்பு பச்சை, நடுப்பகுதி மஞ்சள். இது தலைகீழ். வேர் அழுகியிருக்கிறது, அல்லது அடித்தண்டில் அடிபட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் செடிக்கு உரம் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பானால் உப்பு.

இந்த மஞ்சள் வகைகள் எல்லாவற்றிலும் இன்னொன்று கவனிங்க. நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரே மாதிரி இருந்தால் சத்துக் குறை. இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் கறைபோலப் படர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது வேறு நோய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடிமரத்தில் ஒன்றிரண்டு பழைய இலை மஞ்சளாகி விழுவது இயற்கை. அதற்காக எதுவும் செய்ய வேண்டாம்.

2. தண்ணீர்

கொங்குப் பக்கத்து வீடுகளில் இரண்டு குழாய் உண்டு, நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று. செடிக்குப் போவது எப்போதும் உப்புத் தண்ணிதான். எலுமிச்சை இனம் உப்பைத் தாங்காது. தரையில் நட்ட மரத்துக்கு மழை வந்து உப்பைக் கீழே கழுவிவிடும். தொட்டியில் ஊற்றுகிற உப்பெல்லாம் அங்கேயே சேர்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்க. இணையக் கடைகளில் முந்நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கும். 500-க்குள் இருந்தால் நிம்மதி. 700-ஐத் தாண்டினால் மாற்று வழி தேட வேண்டும். 1000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் எலுமிச்சையைத் தொட்டியில் காப்பாற்றுவது வீண் போராட்டம். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் என்றால் மீட்டரை முதலிலேயே வாங்கிவிடுங்க. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அது மெல்லிய தண்ணீர்.

மாற்று வழிகள், என் விருப்ப வரிசையில்:

மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பேரலில் பிடித்து மூடி வைங்க. கொசு புகாமல் வலை கட்டணும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். உப்பே இல்லாதது, காசும் இல்லாதது. கோடையில் ஒரு செடிக்கு இதுவே ஓரளவு ஈடுகொடுக்கும்.

நல்ல தண்ணி. “குடிக்கிற தண்ணியச் செடிக்கா ஊத்தறீங்க?” என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு பெரிய தொட்டிக்குக் கடும் கோடையில்கூட ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர்தான்.

வேறு வழியே இல்லை, உப்புத் தண்ணிதான் என்றால் பத்து லிட்டருக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற்றுங்க. சுண்ணாம்புக் கடினத்தின் வேகம் குறையும். ஆனால் இது உப்பை நீக்காது. வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வெளியே ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிடணும்.

சிக்கிவிடக் கூடாத பொறி ஒன்று: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றுகிற கழிவுத் தண்ணீர். வீணாகப் போகிறதே என்று அதைக் குழாய் போட்டுச் செடிக்குத் திருப்பிவிட்ட வீடுகள் நிறைய. இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. மீட்டரை விட்டுப் பாருங்க, தெரியும். மாடி கழுவ வைத்துக்கொள்ளலாம், எலுமிச்சைக்கு வேண்டாம்.

3. மண்ணும் தொட்டியும்

தொட்டி மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்துக் காய வைத்து, அதன்மேல் வினிகர் விடுங்க. நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. நம் பக்கத்தில் வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது வருகிற வெள்ளைச் சுக்காங்கல் கலந்த மண்ணைத்தான் பலரும் “இலவச மண்” என்று தொட்டியில் நிரப்பிவிடுகிறார்கள். அந்த மண்ணில் இரும்பு டானிக் எத்தனை ஊற்றினாலும் வேர் வரை போய்ச் சேராது. எலுமிச்சைக்குப் பிடித்தது லேசான அமிலத்தன்மை, அதாவது பி.எச். என்கிற அமில-கார அளவில் 6 முதல் 6.5 வரை. ஏழரைக்கு மேல் போனால் மேலே சொன்ன பச்சை நரம்பு வலை வர ஆரம்பிக்கும்.

இதோடு சேர்த்து மூன்று பொறிகள்:

சாம்பல். பூச்சிக்கு நல்லது என்று தூவுவார்கள். கத்திரிக்கும் அவரைக்கும் எப்படியோ போகட்டும், சுண்ணாம்பு மண்ணில் நிற்கிற எலுமிச்சைக்குச் சாம்பல் மண்ணை இன்னும் காரமாக்கும். முட்டை ஓட்டுத் தூளும் அதே கதைதான், வேகம் மட்டும் கம்மி.

புது சிமென்ட் தொட்டி. சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். வாங்கினால் தண்ணீர் நிரப்பி, சில நாள் வைத்துக் கொட்டி, மறுபடி நிரப்பி, இப்படிப் பல தடவை செய்த பிறகு மண் போடுங்க. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கு வேறு சிக்கல். சித்திரை வெயிலில் பக்கவாட்டுச் சுவர் சுட்டு, அதை ஒட்டியிருக்கிற வேர் வெந்துவிடும். பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்க.

கழுவாத தென்னை நார்க் கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் இருந்து கட்டியாக வருகிறது, விலை மலிவு, எடை கம்மி, மாடிக்குத் தோதானது. ஆனால் கழுவாத கட்டியில் உப்பு ஏராளம். கட்டியை ஊறவைத்து, உதிர்த்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மாற்றி மூன்று தடவையாவது அலசுங்க. கடைசியாகப் பிழிந்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைங்க. குழாய்த் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். “கழுவியது” என்று பையில் அச்சடித்திருந்தாலும் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

4. ஆய்வகம் போகணுமா? என்ன கொண்டு போகணும்?

ஒரே ஒரு தொட்டி என்றால் வேண்டாம், வினிகரும் மீட்டரும் போதும். பத்துப் பதினைந்து தொட்டி இருந்தால், அல்லது புதிதாக ஆழ்குழாய்க் கிணறு போட்டிருந்தால், ஒரு தடவை முறையாகச் சோதிப்பது லாபம். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் வாங்கி மண், நீர் ஆய்வு செய்து தருகிறார்கள். மாவட்டங்களில் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் உண்டு. கோபிப் பக்கத்தவர்கள் மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாமக்கல்காரர்கள் அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். கட்டணம் எந்தெந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்க, மதிய இடைவேளையில் போய் நிற்காதீங்க.

மண் மாதிரி: மேல் ஓர் அங்குலத்தைத் தள்ளிவிட்டு, தொட்டியின் நடு ஆழத்தில் இரண்டு மூன்று இடத்தில் எடுத்து, நிழலில் காயவைத்து அரைக் கிலோ. உரப் பையிலோ உப்புப் பையிலோ கட்டிக் கொண்டு போனால் முடிவு கெட்டுவிடும், புதுப் பாலித்தீன் பை எடுங்க.

நீர் மாதிரி: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடிங்க. அன்றே கொடுங்க, முடியாவிட்டால் மறுநாள்.

சீட்டில் பெயர், ஊர், போன் எண், என்ன செடி, தொட்டியில் எத்தனை வருடமாக, எந்தத் தண்ணீர் என்று எழுதி ஒட்டுங்க. படிவம் விவசாயிகளுக்காக அச்சடித்ததாக இருந்து சர்வே எண் கேட்டால் “வீட்டுத் தோட்டம்” என்று எழுதினால் போதும். ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். சோதனையில் பி.எச்., உப்பின் அளவு, பைகார்பனேட் இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்க. மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை, இரும்பை முடக்குவது அதுதான்.

நேரில் போக முடியாதவர்களுக்குக் கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். “இலை மஞ்சள்” என்று மட்டும் சொல்லாமல் முதல் படியில் பார்த்ததைச் சொல்லுங்க, பதில் உருப்படியாக வரும்.

5. மண்ணை மாற்றுதல்

காலம் முக்கியம். தை கடைசி முதல் மாசி வரை ஒரு நல்ல சமயம். ஆவணி பிற்பகுதியிலிருந்து புரட்டாசி வரை இன்னொன்று. சித்திரை, வைகாசியில் தொடாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துத் தள்ளுகிற ஆனி, ஆடியிலும் வேண்டாம். வேர் பிடிக்கும் முன் காற்று இலையை உலர்த்திவிடும். செடியில் பூவும் பிஞ்சும் நிறைய இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட்டுத்தான் மாற்றணும். ஒரே விதிவிலக்கு வேர் அழுகல். அதற்கு நாள் பார்க்காதீங்க, நிழலில் வைத்து அன்றே செய்யுங்க.

முதல் நாள் மாலை தண்ணீர் ஊற்றுங்க. மறுநாள் காலை தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, தண்டைப் பிடித்து இழுக்காமல் மண்கட்டியோடு வெளியே எடுங்க.

நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலில் பிடித்து இழுத்தால் தோல் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். நாற்றமும் வரும். அதையெல்லாம் வெட்டுங்க. தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வளையமாக ஓடியிருக்கிற வேரையும் வெட்டணும், இல்லாவிட்டால் புது மண்ணுக்குள்ளும் அதே வட்டத்தில்தான் சுற்றும். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. அழுகல் அதிகம் என்றால் வேறு வழியில்லை, எடுத்த அளவுக்குத் தகுந்தபடி மேலே கிளையையும் குறைங்க. கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடைங்க.

மண் கலவை: செம்மண் மூன்று பங்கு, கழுவிய தென்னை நார்க் கழிவு இரண்டு, நன்றாக மக்கிய எரு அல்லது மண்புழு உரம் இரண்டு, பெருமணல் அல்லது சிறு சிப்ஸ் ஜல்லி இரண்டு. எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலுள்ள கல்தூள் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சலித்துக் கழுவினால் பரவாயில்லை. இதோடு வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி, டிரைக்கோடெர்மா விரிடி இரண்டு ஸ்பூன். டிரைக்கோடெர்மா உயிருள்ள பூஞ்சை. பாக்கெட்டில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பார்த்து வாங்குங்க. வெயிலில் கிடந்த பாக்கெட்டால் பயன் இல்லை.

பச்சைச் சாணம் கூடவே கூடாது.

தொட்டி பதினெட்டு அங்குலமாவது இருக்கணும். தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டத் தளையில் (‘கிட்’) வருகிற பைகள் காய்கறிக்கானவை, எலுமிச்சைக்குச் சின்னது. ஆனால் இரண்டு அளவு தாண்டிப் பெரிய தொட்டிக்கும் ஒரேயடியாகப் போகாதீங்க. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கூப்பிடும். அடியில் நான்கைந்து துளை, தொட்டிக்குக் கீழே மூன்று செங்கல். அடியில் தட்டு வைக்காதீங்க.

பழைய மண்மட்டம் தண்டில் எங்கே இருந்ததோ அதே உயரத்தில் நடுங்க. ஒட்டுச் செடி என்றால் ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரியணும். ஒட்டுக்குக் கீழிருந்து வருகிற துளிரைக் கிள்ளிவிடுங்க, அது அடிச்செடியின் துளிர், சத்தெல்லாம் அங்கே போய்விடும்.

6. அடுத்த நான்கு வாரம்

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை போய்விடுகிறது. நட்ட பிறகு பத்துப் பதினைந்து நாள் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வைங்க. இன்னும் கொஞ்சம் இலை உதிரலாம், பயப்பட வேண்டாம். விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க, ஊற்றும்போது அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்றுங்க. “தினம் ஒரு சொம்பு” என்ற கணக்கு மேல்மண்ணை நனைத்து அடியைக் காயவிடும்.

உரம் ஒன்றும் வேண்டாம். வேர் புண்ணாகிக் கிடக்கும்போது உரம் போடுவது காய்ச்சல்காரருக்குக் கறி விருந்து வைப்பது மாதிரி. புதுத் துளிர் விரல் நீளம் வந்த பிறகுதான் அடுத்த படி. மாசியில் மாற்றினால் மூன்று முதல் ஆறு வாரத்தில் துளிர் எதிர்பார்க்கலாம்.

ஒன்றை மனதில் வைங்க: ஏற்கெனவே மஞ்சளான பழைய இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. அதைப் பார்த்து “வேலை செய்யல” என்று அடுத்த மருந்துக்குத் தாவாதீங்க. வைத்தியம் பலித்ததா என்பதைப் புதுக் கொழுந்தை வைத்து மட்டும் முடிவு செய்யுங்க. பழைய இலையைப் பறிக்கவும் வேண்டாம், பாதி மஞ்சளானாலும் அது இன்னும் செடிக்குச் சோறு போடுகிறது.

7. சத்துத் தெளிப்பு

புதுத் துளிர் இலை விரிந்து, முற்றுவதற்கு முன் அடிக்கணும். காலை எட்டு மணிக்குள் அல்லது வெயில் தணிந்த பிறகு. இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம்.

துத்தநாகம்: எலுமிச்சைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, துத்தநாக சல்பேட் 0.5 சதவீதம், மார்ச், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு மூன்று தடவை, துளிர் வந்த பிறகு. வீட்டுக் கணக்கில் லிட்டருக்கு 5 கிராம். நலிந்த செடிக்கு 3 கிராமில் ஆரம்பிங்க. அதன் எடையில் பாதி நீற்றிய சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கலந்தால் இலை கருகாது. இந்த வேலை வேண்டாம் என்பவர்கள் ‘கிலேட்’ துத்தநாகம் (செடி எளிதில் எடுக்கும்படி கட்டிய வடிவம்) வாங்கி, பையில் சொன்ன அளவில் அடிக்கலாம்.

இரும்பு: அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், லிட்டருக்கு 2.5 கிராம், அதோடு 1 கிராம் சிட்ரிக் ஆசிட். கரைத்ததும் அடிங்க, வைத்திருந்தால் துரு நிறமாகிப் பயனற்றுப் போகும். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் கறை போகாது, இது வீட்டு அமைதிக்காகச் சொல்வது. மண்ணில் ஊற்ற வேண்டுமென்றால் கடையில் இரண்டு வகைக் கிலேட் இரும்பு கிடைக்கும். மலிவான இ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. விலை கூடுதலான இ.டி.டி.எச்.ஏ. வகைதான் நம் மண்ணுக்கு. கரைத்தால் செக்கச் செவேல் என்று இருக்கும். பையில் எழுத்தைப் படித்து வாங்குங்க, “ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்று சொல்வார்கள்.

மெக்னீசியம்: எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம்.

மூன்றையும் ஒரே வாளியில் கலக்காதீங்க, ஒரு வார இடைவெளி விடுங்க. எதனால் தேறியது, எதனால் கருகியது என்று அப்போதுதான் தெரியும்.

பஞ்சகவ்யா அடிப்பவர்கள் மூன்று சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி அடிக்கலாம். துளிர் நன்றாக வரும். ஆனால் சுண்ணாம்பு மண்ணையோ உப்புத் தண்ணியையோ அது மாற்றிவிடாது.

தேறிய பிறகு மாதம் ஒரு தடவை இரண்டு கை மண்புழு உரம், அரைக் கை வேப்பம்புண்ணாக்கு. மாமா சொன்ன கடலைப் புண்ணாக்குக் கரைசலை அப்போது கொடுங்க, நன்றாக நீர்த்து.

8. பூச்சிகள்

புது இலையில் வெள்ளிக் கோடு கோடாகச் சுரங்கம் ஓடி இலை சுருண்டால் இலைத்துளைப்பான். அசிங்கமாக இருக்குமே தவிர, வளர்ந்த செடியைச் சாகடிக்காது. முற்றிய இலையை அது தொடாது என்பதால், துளிர் வரும் இரண்டு மூன்று வாரம் மட்டும் வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய் அடித்தால் போதும்: லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெந்நீரில் முதலில் சோப்பையும் எண்ணெயையும் குலுக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்க, இல்லையென்றால் எண்ணெய் மிதந்து இலையைச் சுட்டுவிடும்.

இலைமேல் பறவை எச்சம் மாதிரி இருந்து, இரண்டு நாளில் இலை காணாமல் போனால் அது எச்சம் அல்ல, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலையில் கொம்பு மாதிரி நீட்டி நாற்றம் விடும். கையால் எடுத்தால் தீர்ந்தது, மருந்து எதற்கு?

எறும்பு ஏறி இறங்குகிறது, இலை கறுத்துப் பிசுபிசுக்கிறது என்றால் அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது. கறுப்பு அதன் கழிவில் வளர்கிற பூசணம். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, மறுநாள் வேப்பெண்ணெய். எறும்பைத் தடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். கிளை சுவரைத் தொடாமல் வெட்டிவிடுங்க.

பங்குனி, சித்திரை வறட்சியில் இலை தூசி படிந்த மாதிரி வெளிறினால் சிலந்திப் பேன். இலையின் அடிப்பக்கம் தண்ணீர் அடிப்பதே பாதி வைத்தியம். இதற்குக் கடையில் கொடுக்கிற நனையும் கந்தகத் தூளை அந்த வெயிலில் அடிக்காதீங்க, எண்ணெய் அடித்த மூன்று வாரத்துக்குள் எந்தக் காலத்திலும் அடிக்காதீங்க.

பக்கத்தில் கருவேப்பிலை இருக்கிறதா? நம் வீடுகளில் இல்லாமல் இருக்காது. எலுமிச்சையைத் தாக்குகிற சில்லிட் பூச்சி, கொழுந்தில் சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி, அதிலும் பெருகும். எலுமிச்சைக்கு அடிக்கும்போது கருவேப்பிலைக் கொழுந்தின் அடியையும் பாருங்க. ஆனால் அது தினமும் தாளிக்கிற இலை, தண்ணீரும் வேப்பெண்ணெயும் தவிர வேறு எதையும் அதன் பக்கம் கொண்டு போகாதீங்க.

கடையில் பூச்சிமருந்து கொடுத்தே தீருவார்கள் என்றால் டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்க. சிவப்பு கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வேகம் குறையும். சிவப்பும் மஞ்சளும் வீட்டு மாடிக்கு வேண்டாம். பிரித்துக் கட்டிய பொட்டலம், பெயர் இல்லாத பாட்டில் வாங்காதீங்க. பில் கேளுங்க, காலாவதித் தேதி பில்லிலும் டப்பாவிலும் ஒத்துப்போகணும்.

9. சொறி நோய்

இலையில், கிளையில், காயில் தக்கை மாதிரி மேடான பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம். இது பாக்டீரியா. நாட்டு எலுமிச்சைக்குச் சீக்கிரம் பிடிக்கும். காற்றோடு மழை பெய்தால் பரவும், இலைத்துளைப்பான் போட்ட காயம் வழியாக உள்ளே போகும். வெயில் காய்கிற நாளில், புண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, வெட்டியதை மக்கவைக்காமல் அப்புறப்படுத்துங்க. பிறகு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. அதே நாளில் வேப்பெண்ணெய் சேர்க்காதீங்க. இதை முழுதாக ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம்.

10. செலவு

விலை கடைக்குக் கடை மாறும், ஒரு தொட்டிக்குத் தோராயக் கணக்கு இது: மீட்டர் 300, பதினெட்டு அங்குலத் தொட்டி 300 முதல் 500, நார்க் கழிவுக் கட்டி 150, மண்புழு உரம் 100, வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் மூன்றும் 250 முதல் 300, துத்தநாகம், எப்சம் உப்பு 150. மொத்தம் 1250 முதல் 1500 ரூபாய். கிலேட் இரும்பு வேண்டுமென்றால் அது தனி. புது நாற்று இதைவிடப் பல மடங்கு மலிவு என்பது உண்மைதான். ஆனால் தண்ணீரும் மண்ணும் பழையபடியே இருந்தால் புது நாற்றும் அடுத்த வருடம் இதே நிறத்தில் நிற்கும்.

11. எப்போது கைவிடலாம்?

மஞ்சள் நடு நரம்பின் இரு பக்கமும் ஒரு மாதிரி இல்லாமல் கறையாகப் படர்ந்து, கிளை நுனியிலிருந்து காய்ந்து, காய் கோணலாகச் சிறுத்து வந்தால் ‘கிரீனிங்’ நோயாக இருக்கலாம். சில்லிட் பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது. உறுதி செய்துகொள்ள இலைகளை மூடிய பாலித்தீன் பையில் போட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்க. அதுதான் என்று சொல்லிவிட்டால் செடியை வேரோடு எடுத்துவிடுங்க, பக்கத்துத் தொட்டிகளையாவது காப்பாற்றலாம். அதிலிருந்து ஒட்டோ பதியனோ எடுத்து யாருக்கும் கொடுக்காதீங்க.

மற்ற சந்தேகத்துக்கு, கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்க. தோலுக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, இலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் காத்திருங்க. நுனியிலிருந்து கீழே வந்துகொண்டே சுரண்டிப் பார்த்து, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்க. அடித்தண்டு வரை பழுப்பு என்றால் தொட்டியைக் காலி செய்யலாம். வேர் அழுகிச் செத்த செடியின் மண்ணை அடுத்த எலுமிச்சைக்குப் பயன்படுத்த வேண்டாம்.